கீழக்கரையிலிருந்து அரிச்சல்முனை வரை: ஒரு கேம் ரசிகனின் பயண நாட்குறிப்பு

பிப்ரவரி 5, 2026, வியாழன் – பரமக்குடி தாண்டி ஒரு பஞ்சர்

மதுரையிலிருந்து இராமநாதபுரத்துக்கு இரண்டரை மணி நேரம் போதும் என்றுதான் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். பரமக்குடியைத் தாண்டியதும் பேருந்தின் பின் டயர் பஞ்சர், ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் தவிர வேறெதுவும் இல்லாத இடத்தில் மதிய வெயிலில் எல்லோரும் இறங்கி நின்றோம். பின்னால் வந்த வண்டிகளை நிறுத்தி, பெண்களையும் குழந்தைகளையும் முதலில் ஏற்றி அனுப்பினார் கண்டக்டர். யாரும் முண்டியடிக்கவில்லை. பனங்கிழங்குக் கட்டு வைத்திருந்த ஒரு பாட்டி, ஏறப் போகிற நேரத்தில் நாலைந்து கிழங்கை உருவி எங்கள் பக்கம் நீட்டி, "வெயில்ல நிக்கிறீக, தின்னுங்க" என்று கொடுத்துவிட்டுப் போனார். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்த கிழங்கு. நாரை உரித்து ஒடித்துத் தின்றதில் பசி அடங்கிவிட்டது.

பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன் சாயல்குடிக்காரன். போனில் 'சுழல்' தொடரின் இரண்டாவது சீசன் பார்த்துக்கொண்டிருந்தான், போன வருடம் பிப்ரவரி கடைசியில் வந்தது. நான் அப்போதே பார்த்துவிட்டேன் என்றதும் பேச்சு பிடித்துக்கொண்டது. பூட்டிய அறைக்குள் ஒரு வக்கீல் இறந்துகிடக்கிறார், வெவ்வேறு ஊர்களில் இளம் பெண்கள் ஒவ்வொருவராக வந்து நான்தான் கொன்றேன் என்கிறார்கள், மொத்தம் எட்டுப் பேர், ஊரில் நடப்பது அஷ்டகாளித் திருவிழா. எனக்கு 2022இல் வந்த முதல் சீசன்தான் உசத்தி. அதில் மயானக்கொள்ளை ஒரு நாள் நகர்ந்தால் விசாரணையும் ஒரு நாள் நகரும், இரண்டையும் பிரிக்கவே முடியாது. இரண்டாவது சீசனில் எட்டுக் காளிக்கு எட்டுப் பெண்கள் என்று கணக்கு மிகச் சரியாக வந்துவிடுவதால், அந்தப் பெண்களில் பாதிப் பேரை நமக்குத் தெரியாமலேயே கதை முடிந்துவிடுகிறது என்றேன்.

அவன் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் வீட்டிலிருந்து வருடாவருடம் குலசேகரன்பட்டினம் தசராவுக்கு மாலை போட்டுப் போவார்களாம். "எங்க பெரியப்பா காளி வேஷம் கட்டிட்டா அவரை யாரும் பெரியப்பான்னு கூப்பிட மாட்டோம்ணே, 'வா தாயி'ன்னுதான். அந்த நேரத்துல அவரு யாருன்னு தெரியாமப் போறதுதான் விரதமே." இந்தக் கோணத்தில் நான் யோசித்ததே கிடையாது. அந்தப் பெண்களின் முகம் நமக்குப் பிடிபடாமல் போவது எழுத்தின் குறை என்று நான் நினைத்ததை, அவன் வேண்டுதலின் இயல்பு என்று பார்க்கிறான். இன்னமும் எனக்கு முதல் சீசன்தான் பிடிக்கும், ஆனால் இரண்டாவதை இன்னொரு முறை பார்க்கப் போகிறேன்.

இராமநாதபுரத்தில் சித்தி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். இட்லிக்கு முண்டு மிளகாய்ச் சட்னி. குண்டு குண்டாக, தோல் தடித்து இருக்கும் இந்த ஊர் மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காரம் நாக்கில் உடனே அடிக்காது, விழுங்கிய பிறகு தொண்டையில் மெதுவாக ஏறும்.

சித்தி அரசுப் பள்ளி ஆசிரியை. 'அடோலசன்ஸ்' தொடரைப் பார்த்துவிட்டு ஆசிரியர் அறையில் ஒரு வாரம் அதையே பேசினார்களாம். நாலே எபிசோடு, ஒவ்வொன்றும் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுத்தது, 2025 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. எனக்கு மூன்றாவது எபிசோடுதான் உயிர், கொலைக் குற்றத்துக்குப் பிடிபட்ட பையனும் மனநல ஆலோசகரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது. அந்தப் பையனாக நடித்த ஓவன் கூப்பர் 15 வயதில் எம்மி விருது வாங்கியது முழுக்க முழுக்கத் தகும். சித்திக்கோ இரண்டாவது எபிசோடு, பள்ளிக்கூடத்துக்குள் போலீஸ் நடந்துகொண்டே இருப்பது. "அந்த ஸ்கூல்ல ஒவ்வொரு கதவைத் தொறந்தாலும் உள்ள ஒரு சத்தம் கேக்குது பாரு, அதுதான் நெசம். நாங்க நாள் பூரா அந்தச் சத்தத்துக்குள்ளதான் நடக்குறோம்" என்றார்.

பிப்ரவரி 6, வெள்ளி – கீழக்கரை, எதிர்க்காற்று

கல்லூரி நண்பனின் வீடு. அவனுடைய காக்கா, அதாவது அண்ணன், துபாயிலிருந்து லீவில் வந்திருக்கிறார், பெட்டியில் பிஎஸ்5 கேம் கருவி. போன அக்டோபரில் வந்த 'கோஸ்ட் ஆஃப் யோட்டெய்' விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் அதற்கு முந்தைய 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா'வில் கிடந்து உருண்டவன் என்பதால் செருப்பைக் கழற்றியதும் நேராக டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன்.

கதை 1603இல் ஜப்பானின் வடக்கே, எசோ என்று அப்போது அழைக்கப்பட்ட பகுதியில் நடக்கிறது. அட்சு என்ற பெண், தன் குடும்பத்தைக் கொன்ற ஆறு பேரைத் தேடிப் போகிறாள். பழிவாங்கும் கதை புதிதல்ல, முதல் ஐந்து மணி நேரத்தில் திருப்பங்களை ஊகித்துவிடலாம். நிலம்தான் அசர வைக்கிறது. வெள்ளைப் பூப் பரந்த வயலுக்குள் குதிரை நுழைந்ததும் வேகம் கூடுவது, வீடு இருந்த இடத்தில் அவள் நின்றால் ஒரு பட்டனில் சிறு வயது நினைவுக்குப் போய் அதே திண்ணையில் அம்மா உட்கார்ந்திருப்பது, இதையெல்லாம் பார்த்துவிட்டு நான் காக்காவிடம் கண்ட்ரோலரைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை, அவரும் கேட்கவில்லை.

சுஷிமாவில் இருந்த அந்தக் காற்று இதிலும் இருக்கிறது. அம்புக்குறி, கோடு எதுவும் இல்லாமல், டச்பேடில் விரலை மேலே இழுத்தால் காற்று எழும்பும், புல்லும் இலையும் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் போக வேண்டும். 2020இல் இதைப் பார்த்தபோது, வழிகாட்டுவதற்கு இதைவிட அழகான யோசனை எந்த விளையாட்டிலும் இல்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஜும்மா முடிந்து வந்த நண்பனின் மாமா, பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் சரக்குத் தோணியில் போனவர். "இது என்ன காத்து?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை, போக வேண்டிய பக்கம் வீசும் மாமா என்றேன். "எப்பவுமேவா?" எப்பவுமே. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு விரலை மடக்கிச் சொன்னார்: வடக்கே இருந்து வந்தால் வாடை, கிழக்கே இருந்து கொண்டல், மேற்கே இருந்து கச்சான், தெற்கே இருந்து சோழகம். "போற பக்கமே காத்து அடிச்சா, அந்தப் புள்ளை ஊருக்கு எப்படித் திரும்பும்? எதிர்க்காத்துல பாயை மாத்தி மாத்திப் போட்டு, சாஞ்சு சாஞ்சு வரணும், அதுலதான மாலுமி யாருன்னு தெரியும்."

அப்புறம் ஆடும்போதெல்லாம் அதுவே உறுத்தியது. இவ்வளவு பெரிய விளையாட்டில் காற்று ஒரு தடவைகூட அட்சுவுக்கு எதிராக வீசவில்லை. பனி கொட்டுகிறது, ஓநாய் வருகிறது, எதிரிகள் கூட்டமாக வருகிறார்கள், காற்று மட்டும் வேலைக்காரன்போல் முன்னால் ஓடுகிறது. எனக்கு அந்த யோசனை இப்போதும் பிடிக்கும். ஆனால் அடுத்த பாகம் என்று ஒன்று வந்தால் ஒரே ஒரு அத்தியாயத்திலாவது எதிர்க்காற்று வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

மதியம் தேங்காய்ப்பால் சோறு, ஆட்டுக்கறி ஆணம், கத்தரிக்காய் போட்ட தாளிச்சா. தட்டு காலியாவதற்கு முன்பே நண்பனின் உம்மா அடுத்த கரண்டியோடு நின்றார்கள். மூன்று மணிக்கு மின்சாரம் போனது, யோட்டெய் மலையும் அதோடு போனது. எல்லோரும் முற்றத்துக்கு வந்து உட்கார்ந்தோம். அப்போதுதான் தொதல் வந்தது. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் மாவும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டுவார்களாம். கரண்டியில் ஒட்டாமல் எண்ணெய் பிரிந்து வந்தால்தான் இறக்க வேண்டும், அதற்குள் கை ஓய்ந்தால் அடி பிடித்துவிடும். கடையில் அரைக் கிலோ 180 ரூபாய்க்கு வாங்கினேன். உம்மா அதைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, இது நல்ல கடையில்லை என்று வீட்டிலிருந்ததையும் ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள்.

பிப்ரவரி 7, சனி – பாம்பன், சின்னப்பாலம், தங்கச்சிமடம்

சாலைப் பாலத்தில் வண்டி நிறுத்தக் கூடாது என்று எழுதியிருக்கிறது, எல்லா வண்டியும் நிற்கிறது. கீழே புதிய ரயில் பாலம். 2025 ஏப்ரல் 6இல் திறந்தார்கள், 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே நேராக 17 மீட்டர் மேலே ஏறுமாம். நான் நின்ற நேரத்தில் ஏறவில்லை. 1914இல் கட்டிய பழைய பாலம் இரண்டு கையாக விரியும், ஆட்கள் நெம்புகோலைத் தள்ளித் தள்ளித் திறப்பார்கள். சின்ன வயதில் பார்த்திருக்கிறேன்.

தெற்குவாடியில் இறங்கினேன். வலை பிரித்துக்கொண்டிருந்த ஓர் அண்ணனும், பத்தாம் வகுப்பு படிக்கும் அவர் மகனும். என் கையில் ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேம் கருவியைப் பார்த்ததும் பையன் விடவில்லை. 'டிரெட்ஜ்' போட்டுக் கொடுத்தேன். நியூசிலாந்தில் ஒரு சின்னக் குழு செய்து 2023இல் வந்த விளையாட்டு. தீவுக் கூட்டத்துக்கு வரும் ஒரு மீனவரின் படகு முதல் காட்சியிலேயே உடைந்துவிடுகிறது. மேயர் கடனுக்கு வேறு படகு கொடுக்கிறார், மீன் விற்ற காசில் அந்தக் கடனுக்குப் பிடித்துக்கொள்வார்கள். பிடித்த மீன் ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம் உண்டு, படகுக்குள் கட்டங்கள் உண்டு, மீனைத் திருப்பித் திருப்பி அடுக்க வேண்டும். இன்ஜின், தூண்டில், விளக்கு எல்லாமே அதே கட்டங்களை அடைத்துக்கொள்ளும். ஆக, வேகம் வேண்டுமா மீன் வேண்டுமா என்று ஒவ்வொரு தடவையும் முடிவு செய்ய வேண்டும். இருட்டிய பிறகு கடலில் இருந்தால் மூடுபனி எழும், மனம் கலங்கும், இல்லாத பாறை கண்ணுக்குத் தெரியும்.

அண்ணன் வலையைக் கீழே வைத்துவிட்டு வந்து குனிந்து பார்த்தார். மேயர் கடன் விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "இது எங்க கதைதான தம்பி. அட்வான்ஸ் குடுத்த யாவாரிகிட்டதான் மீனைப் போடணும், அவரு சொல்றதுதான் வெலை." அப்புறம் திரையில் கட்டங்களை விரலால் தொட்டு, "ஐஸ் எங்க வைப்பான்? எங்க போட்டுல ஐஸுதான் பாதி எடத்தை அடைக்கும், இதுல அதுக்கு எடத்தையே காணோம்" என்றார். இரவில் பயமாக இருக்கும் என்று பையன் விளக்கினான். அவர் தலையாட்டி மறுத்தார். "இருட்டு நமக்கு என்ன செய்யும்? தூரத்துல திடீர்னு ரோந்துப் படகு வெளிச்சம் தெரியும் பாரு, அப்பத்தான் வயித்தக் கலக்கும்."

விசைப்படகுகளுக்கு இங்கே வாரத்தில் மூன்று நாள்தான், மற்ற நாட்களில் நாட்டுப்படகு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். இத்தனை கணக்கும் கட்டுப்பாடும் கடனும் நிறைந்த ஒரு வாழ்க்கையை, பேய்க்கதை என்ற பெயரில் டிரெட்ஜ் ஓரளவுக்குத் தொட்டுவிட்டது என்பதுதான் அந்த விளையாட்டின் மேல் எனக்கு இருக்கும் மரியாதை. கடல் ராட்சசர்களை விட்டுவிட்டாலும் அந்தக் கட்டங்களும் கடனும் நிற்கும்.

அங்கிருந்து சின்னப்பாலம். கடல்பாசி எடுக்கும் அக்கா ஒருவர் வீட்டு வாசலில் பாசியைக் காயவைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். பௌர்ணமியை ஒட்டியும் அமாவாசையை ஒட்டியும் சில நாட்கள்தான் கடலுக்குப் போவோம், மற்ற நாட்களில் பாசி வளர விட்டுவிடுவோம், இது நாங்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு என்றார். இந்த ஊர்ப் பெண் ஒருவருக்கு 2015இல் சீகாலஜி என்ற சுற்றுச்சூழல் விருது கொடுத்திருக்கிறார்கள். அக்கா தன் கையை நீட்டிக் காட்டினார். விரல் நுனிகளில் பாறை கிழித்த வெள்ளைக் கோடுகள், குறுக்கும் நெடுக்குமாக, ஒன்றின் மேல் ஒன்று. துணி சுற்றிக்கொண்டுதான் இறங்குவார்களாம், அப்படியும் இப்படி. கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்பில் பை, அவ்வளவுதான். மூச்சைப் பிடித்து முங்கி, பறித்து, மேலே வந்து, மறுபடி முங்க வேண்டும்.

எனக்கு 'டேவ் தி டைவர்' ஞாபகம் வந்துவிட்டது, எடுத்துக் காட்டினேன். தென்கொரியாவில் செய்த விளையாட்டு, அதுவும் 2023தான். பகலில் டேவ் கடலுக்குள் முங்கி ஈட்டியால் மீன் பிடிப்பார், ராத்திரி அதே மீனை வைத்து சுஷி கடை நடத்துவார். வண்ணமும் இசையும் அவ்வளவு குதூகலமாக இருக்கும். எனக்கு அதில் மிகவும் பிடித்தது ஒரு சின்ன விஷயம்: உயிருக்கென்று தனியாக ஒரு கோடு கிடையாது, ஆக்சிஜன்தான் உயிர். ஆழம் போனாலும் குறையும், சுறா கடித்தாலும் குறையும். தீர்ந்துவிட்டால், அள்ளியதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மேலே வர வேண்டும். இதைச் சொன்னதும் அக்கா, "அது சரியாத்தான் வச்சிருக்கான்" என்றார். கொஞ்சம் பார்த்துவிட்டு, "ஆனா முதுகுல சிலிண்டர் இருக்கே, பெறகு ஏன் இப்படிப் பதறுறான்?" என்று கேட்டார். ராத்திரி கடை நடத்துவதையும் காட்டினேன். "பகல்ல கடல், ராத்திரி அடுப்படி. எப்பத் தூங்குவான்?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "நாங்களும் வந்துதான் சோறு ஆக்கணும், புள்ளைகளைப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பாசியைப் புரட்டப் போய்விட்டார். கருப்பு டீ ஒன்றும் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

சாயங்காலம் இராமேஸ்வரத்தில் முன்பதிவு செய்திருந்த விடுதிக்குப் போனால், என் அறையை மத்தியானமே வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். முன்பணத்தைக் கேட்டதற்கு, ஓனர் வந்தால்தான் என்று பதில். மனசு மிகவும் நொந்துபோனது. ஆட்டோ அண்ணன் ஒருவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, தங்கச்சிமடத்தில் தனக்குத் தெரிந்த வீட்டில் மாடி அறை இருக்கிறது என்று கூட்டிப்போனார். ஆட்டோவுக்கு 250, அறைக்கு 700, இரவுச் சாப்பாடு அந்த வீட்டிலேயே. விளைமீன் குழம்பும் கணவாய் வறுவலும். பாட்டி, மருமகள், பேத்தி மூன்று பேரும் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

டிவியில் 'டூரிஸ்ட் ஃபேமிலி'. அவர்கள் ஏற்கெனவே பார்த்ததுதான், எனக்காக மறுபடி போட்டார்கள். 2025 மே 1இல் வந்த படம், அபிஷன் ஜீவிந்துக்கு முதல் படம். பொருளாதார நெருக்கடியில் ஊரைவிட்டுக் கிளம்பும் ஈழத்தமிழ்க் குடும்பம் ஒன்று இரவோடு இரவாக இராமேஸ்வரம் கரையில் இறங்கி, ஒரு போலீஸ்காரரின் இரக்கத்தால் தப்பித்து, சென்னையில் ஒரு காலனியில் குடியேறுகிறது. வாயைத் திறந்தால் பேச்சு காட்டிக்கொடுத்துவிடும் என்று பேசவே பயந்து வாழ்கிறார்கள். சசிகுமாரும் சிம்ரனும் கணவன் மனைவியாக அவ்வளவு நெருக்கமாக இருப்பார்கள். தியேட்டரில் பார்த்தபோது நான் அழுதேன், இங்கேயும் அழுதேன். கெட்டவர்கள் என்று யாரையும் பெரிதாகக் காட்டாமல் இரண்டு மணி நேரம் ஒரு படத்தை நகர்த்துவது எளிதல்ல.

பாட்டி மட்டும் கரையில் இறங்கும் முதல் காட்சியிலேயே நின்றுவிட்டார். "அவுக வந்து எறங்குனா மொத வார்த்தை தண்ணிதான். உப்புக்காத்துல ராவெல்லாம் ஒக்காந்து வந்தா நாக்கு ஒட்டிக்கும்யா. இவுக வந்ததும் பேசுறாக." 2022 மார்ச்சில் தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு அப்பால் ஒரு மணல்திட்டில் குழந்தைகளோடு இறக்கிவிடப்பட்டுத் தவித்தவர்களைக் கடலோரக் காவல் படை மீட்டு வந்ததை இந்த ஊரில் எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். படத்தைப் பாட்டி குறை சொல்லவில்லை. மருமகள் சொன்னார், காலனிக்காரர்கள் அந்தக் குடும்பத்தோடு நிற்கும் கடைசிப் பகுதி வந்தால் அத்தை சேலைத் தலைப்பை எடுத்துவிடுவார் என்று. எடுத்தார்.

பிப்ரவரி 8, ஞாயிறு – தனுஷ்கோடி

காலை ஆறரைக்கே கிளம்பினோம், அதே ஆட்டோ அண்ணன். வழியில் இடது பக்கத் தண்ணீரில் பூநாரைக் கூட்டம், தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது, வண்டி நின்றதும் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது. ஒரு பக்கம் அமைதியான பெண் கடல், இன்னொரு பக்கம் அலையடிக்கும் ஆண் கடல் என்று அண்ணன் காட்டினார். வாடை அடிக்கிற மாதங்களில் பெண் கடலும் சீறும் என்றும் சேர்த்துச் சொன்னார்.

1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் போன ஊர். பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலும் அந்த இரவில்தான் கடலோடு போனது. தேவாலயத்தின் சுவர் நிற்கிறது, பவளக்கல்லில் கட்டியது, உப்புக்காற்று அரித்து அரித்து ஒவ்வொரு கல்லிலும் ஆயிரம் ஓட்டை. அதில் கையை வைத்தபோது மனதில் ஓடியது 'டெத் ஸ்ட்ராண்டிங் 2' விளையாட்டு. போன வருடம் ஜூனில் வந்தது, ஹிடியோ கோஜிமா செய்தது. அதில் பெய்யும் மழை எதன் மேல் பட்டாலும் அதன் வயதைக் கூட்டிவிடும், இரும்பு கண்ணெதிரே துருப்பிடிக்கும். நாயகன் சாமுக்கு வேலை, முதுகில் சுமையைக் கட்டிக்கொண்டு ஆளில்லாத நிலத்தைக் கடந்து போய்க் கொடுப்பது. சரிவில் கால் வைத்தால் சுமை ஒரு பக்கம் இழுக்கும், இரண்டு கைவிரலாலும் பட்டன்களை அழுத்தி எடையைச் சரிசெய்துகொண்டே நடக்க வேண்டும். நடப்பதையே ஒரு வேலையாக, கவனமாக, உடம்பு உணரும்படி செய்த விளையாட்டு எனக்குத் தெரிந்து வேறில்லை. கதை சில இடங்களில் தன்னைத்தானே விளக்கிக்கொண்டு நீண்டுவிடுகிறது, கடைசி மூன்று மணி நேரத்தில் எனக்கு அது அலுப்பாகவே இருந்தது. ஆனால் ஒருவர் போட்ட ஏணியும் பாலமும் சாலையும் முகம் தெரியாத இன்னொருவரின் ஆட்டத்திலும் வந்து நிற்கும் அந்த ஏற்பாடு பெரிய மனசுக்காரர்களின் யோசனை.

அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு 2017இல்தான் வந்தது. அதற்கு முன் மணலில் வண்டிகள் தட்டுத்தடுமாறிப் போகும், அதுவும் போகாத நேரத்தில் தலைச்சுமைதான் என்று மீன் வறுத்துக்கொண்டிருந்த அக்கா சொன்னார். அவர் தண்ணீர் எடுப்பதைப் பார்க்கத்தான் நான் அங்கே அதிக நேரம் நின்றேன். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மணலில் இடுப்பளவு பள்ளம், அடியில் ஒரு சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டுகிறார். ஓரத்து மணல் முதலில் கருக்கிறது, பிறகு மினுங்குகிறது, பிறகு நீர் ஊறி நடுவில் சேர்கிறது. கலங்கல் அடியில் படியும்வரை கையை அசைக்காமல் குந்தியிருந்து, மேலாக மொண்டு குடத்தில் ஊற்றுகிறார். எனக்கும் ஒரு சிரட்டை கொடுத்தார். உப்பே இல்லை. ஒரு குடம் நிறைய அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஒரு குடத்தை நிரப்ப இப்படி உட்காரவைக்கும் விளையாட்டை யாராவது செய்தால் நான் முதல் நாளே காசு கொடுத்து வாங்குவேன், உண்மையாகவே சொல்கிறேன்.

முழுப் பாறை மீன் வறுவல் 200 ரூபாய், மிளகாய்த்தூளும் உப்பும் எலுமிச்சையும் மட்டும். சாப்பிடும்போது காற்று எழுந்து மணலை அள்ளிக் கொட்டியது. பை வாய் திறந்திருந்ததில் ஸ்டீம் டெக்கின் இடது ஸ்டிக்கில் மணல் ஏறி, நறநறவென்று சுற்ற ஆரம்பித்தது. இராமேஸ்வரத்தில் செல்போன் பழுது பார்க்கும் ஒரு சின்னக் கடை, ஞாயிறு என்றாலும் திறந்திருந்தது. கடைக்காரத் தம்பி பின்மூடியைக் கழற்றி, மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டி, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து மாட்டிவிட்டு, "எதுல டெஸ்ட் பண்ணலாம்ணே?" என்றான். 'சில்க்சாங்' இருக்கிறது என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. 2019இல் அறிவித்து 2025 செப்டம்பர் 4இல்தான் வந்த விளையாட்டு, வந்த அன்று கூட்டம் தாங்காமல் விற்பனைத் தளங்களே முடங்கின. அவன் சொந்தமாக ஆடியதில்லை, வீடியோவில் மட்டும் பார்த்திருக்கிறான்.

அதன் நாயகி ஹார்னெட் கீழ்நோக்கிக் குத்தும்போது நேராக விழாமல் சாய்வாகப் பாய்வாள், முந்தைய 'ஹாலோ நைட்' பழகிய கைக்கு அது படாத பாடு. எனக்கு அந்தச் சாய்வு பழகவே நாளானது, பழகிய பிறகு அதைவிட இதமான அசைவு இல்லை என்று தோன்றியது. இவனுக்குப் பழைய கைப்பழக்கம் எதுவும் இல்லாததால் சாய்வாகவே யோசித்தான், நான் தடுமாறிய சிவப்புப் பூக்கள் வரும் இடத்தை நின்று நிதானமாகத் தாண்டினான். வாடிக்கையாளர் இருவர் வந்து நின்றும் கண்ணை எடுக்கவில்லை, நானும் அவசரப்படுத்தவில்லை. வேலைக்கு நூறு ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டான், அதையும் தயங்கித்தான் சொன்னான்.

பிப்ரவரி 9, திங்கள் – மண்டபம், திரும்புதல்

விடியற்காலையில் படகுகள் கிளம்பும் சத்தத்தில் விழிப்பு. தங்கச்சிமடத்துப் பாட்டி, வழியில் சாப்பிட இட்லியும் மிளகாய்ப்பொடியும் கட்டிக் கொடுத்தார். அறைக் கணக்கில் சாப்பாட்டைச் சேர்க்கவே இல்லை. பேத்தியின் கையில் திணித்த பணத்தையும் மருமகள் திருப்பிக் கொடுத்துவிட்டார். விடுதி முன்பணம் இன்னும் வரவில்லை, போன் எடுக்கவே மாட்டேன் என்கிறார்கள்.

மண்டபத்தில் இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம் வழியாகப் பேருந்து போனது. சுவர், கேட், உள்ளே வரிசையாக வீடுகள், துணி காய்கிறது, பள்ளிச் சீருடையில் பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். 'டூரிஸ்ட் ஃபேமிலி' குடும்பம் இந்த கேட்டுக்குள் வராமல் போன குடும்பம். உள்ளே வந்தவர்களைப் பற்றி, இங்கேயே பிறந்து இங்கேயே பிள்ளை பெற்றவர்களைப் பற்றி, எட்டு எபிசோடில் நிதானமாக ஒரு தொடர் வேண்டும். பேருந்திலிருந்தே பத்துப் பேருக்கு இதை மெசேஜ் போட்டேன்.

இராமநாதபுரம் கடைத்தெருவில் ஒரு கிலோ முண்டு மிளகாயும் நெத்திலிக் கருவாடும் வாங்கினேன். கருவாட்டை மூன்று காகிதத்தில் சுற்றி, அதற்கு மேல் பாலிதீன் போட்டு, "பஸ்ல யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக, பாதிப் பேரு அதுதான் வச்சிருப்பாக" என்றார் கடைக்காரர். பேருந்தில் ஏறியதும் கீழக்கரைக் காக்காவிடமிருந்து நீளமாக ஒரு குரல்செய்தி. யோட்டெய் முடித்துவிட்டாராம், கடைசிச் சண்டையில் அட்சு எடுக்கும் முடிவு தப்பு என்கிறார், மாமாவும் பக்கத்தில் இருந்து ஆமாம் போடுகிறார். நான் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை, முழுசாகச் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சிப் பதில் போட்டிருக்கிறேன், சனிக்கிழமைக்குள் முடித்துவிட்டு அவரோடு சண்டை போட வேண்டும்.